மலேரியா மருந்துகள் மூளையை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்குமா?

அந்திவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகளாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கடந்த சில மாதங்களாக அவருக்கு மறதி கூடிவருவதைக் கவனிக்கிறோம். கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டோமா இல்லையா என்பதில் அவருக்கே குழப்பம் வருகிறது. நரம்பியல் மருத்துவரை இன்னும் பார்க்கவில்லை.

இந்நிலையில் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார். ஆர்ட்டிமிசினின், குளோரோகுயின், மெத்திலீன் புளூ போன்ற மலேரியா மருந்துகள் மூளையின் நரம்பு செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பதாக ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்ததிலிருந்து, ஆர்ட்டிமிசினின் கலந்த மூலிகைக் கேப்சூல்களை இணையத்தில் வாங்கி அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று அண்ணன் வற்புறுத்துகிறார். அவருடைய அக்கறையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் கட்டுரையைப் படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. ஆர்ட்டிமிசினின் மலேரியாக் கிருமியைக் கொல்வதே ஆக்சிஜனேற்றத்தின் மூலம்தான் என்று அதே கட்டுரையில் ஓரிடத்தில் எழுதியிருந்தது. ஆக்சிஜனேற்றத்தால் கொல்லும் மருந்து, ஆக்சிஜனேற்றத்திலிருந்து மூளையை எப்படிக் காக்க முடியும்? அம்மா ஏற்கெனவே சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் மலேரியா மருந்துதான் என்றால், அது அவருடைய மூளைக்கு இத்தனை ஆண்டுகளாக ஏதேனும் நன்மை செய்திருக்குமா, அல்லது மறதிக்கே அதுதான் காரணமா? துறை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேதிவழி எழுதியது:

வணக்கம் அந்திவானம். நான் மருந்தியல் கற்பிப்பவன். உங்கள் கேள்விகளில் முதலாவதுதான் மற்றவற்றுக்கெல்லாம் திறவுகோல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு ஆக்சிஜன் புழங்கும் இடத்தில், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, எளிதில் வினைபுரியும் சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறு அளவில் கசிந்துகொண்டே இருக்கும். மூளையில் இரும்பும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சந்திக்கும்போது ஹைட்ராக்சில் என்னும் மிகத் தீவிரமான மூலக்கூறு உருவாகி, அருகில் எது இருந்தாலும் அதைத் தாக்குகிறது. நரம்பு செல்களின் சவ்வுகளோ எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய, நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் நிறைந்தவை. ஆகவே மூளை இவ்வகைச் சேதத்துக்கு மற்ற உறுப்புகளைவிட எளிதில் ஆட்படும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அல்சைமர், பார்கின்சன், பக்கவாதம் ஆகிய மூன்றிலும் அதன் தடயங்களைக் காணலாம். அது நோயின் காரணமா, நோயின் விளைவா என்பதில்தான் விவாதம் நீடிக்கிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் நேரடியாகப் பிணைந்த ஒரு பெராக்சைடுப் பாலம் இருக்கிறது. 1972இல் து யூயூ தலைமையில் சீன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த இந்தச் சேர்மத்தின் ஆற்றல் முழுவதும் அந்தப் பாலத்தில்தான் அடங்கியிருக்கிறது. மலேரியாக் கிருமி இரத்தச் சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது, இரும்பு கொண்ட ஹீம் ஏராளமாக வெளிப்படுகிறது. அந்த இரும்பு பட்டதும் பாலம் உடைந்து, தீவிரமான மூலக்கூறுகள் தோன்றிக் கிருமியின் புரதங்களைச் சிதைக்கின்றன. உங்கள் கட்டுரை சொன்னது இதைத்தான், அது சரியே.

நரம்பு செல்லில் அந்த அளவுக்குத் தளையற்ற ஹீம் இல்லை. அங்கே மிகக் குறைந்த அளவில் ஆர்ட்டிமிசினின் சேரும்போது, கொல்லும் அளவுக்குப் போகாத ஒரு மெல்லிய நெருக்கடி உண்டாகிறது. நம் செல்களில் கீப்1 என்றொரு புரதம், என்ஆர்எஃப்2 என்னும் மற்றொரு புரதத்தைப் பிடித்து வைத்து, அது சிதைந்துபோகும்படி பார்த்துக்கொள்கிறது. கீப்1இன் கந்தகம் கொண்ட பகுதிகளை இத்தகைய நெருக்கடி தீண்டினால் அதன் பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, குளுட்டாதியோன் தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்சிஜனேஸ்-1 முதலிய தற்காப்பு நொதிகளின் உற்பத்தியைத் தூண்டுகிறது. அதாவது, மருந்து தானே சேதத்தைத் தடுப்பதில்லை. செல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி அதைச் சீண்டுகிறது. ஆர்ட்டிமிசினினின் உறவான ஆர்ட்டிமீத்தரை மைக்ரோக்ளியா என்னும் மூளையின் நோயெதிர்ப்பு செல்களில் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், என்ஆர்எஃப்2 உற்பத்தியை முடக்கியபோது மருந்தின் அழற்சித் தணிப்பு விளைவும் மறைந்துபோனது. இந்த விளக்கத்துக்கு அது நல்ல சான்று.

இதிலிருந்தே ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் விளங்கும். சீண்டல் சற்று மிகுந்தால் காப்பு போய்க் கேடு வந்துவிடும். ஆர்ட்டிமீத்தரையும் அதன் நெருங்கிய உறவான ஆர்ட்டீத்தரையும் எண்ணெயில் கரைத்து, மிகுந்த அளவில் தசையில் ஊசியாகப் போட்டபோது, நாய்களுக்கும் எலிகளுக்கும் மூளைத்தண்டில், குறிப்பாகச் செவிப்புலனும் உடற்சமநிலையும் சார்ந்த பகுதிகளில், நரம்பு செல்கள் அழிந்ததை 1990களில் கண்டார்கள். எண்ணெயிலிருந்து மருந்து மெதுவாகக் கசிந்து நெடுநேரம் இரத்தத்தில் நின்றதே அதற்கு முக்கியக் காரணம். மலேரியாவுக்குச் சில நாட்கள் மட்டும் கொடுக்கும் வழக்கமான அளவுகளில் மனிதர்களிடம் அத்தகைய பாதிப்பு தெரியவில்லை. ஆனால் உங்கள் அண்ணன் யோசிப்பதோ மூன்று நாள் சிகிச்சை அல்ல. மாதக்கணக்கில் தினமும் கொடுப்பது. அந்த நிலைக்கு மலேரியா சிகிச்சையின் பாதுகாப்பு வரலாற்றைச் சான்றாகக் காட்டவே முடியாது.

குளோரோகுயின் குடும்பம் முற்றிலும் வேறு. அவை காரத்தன்மை கொண்டவை. செல்லுக்குள் கழிவுகளைச் செரிக்கும், அமிலத்தன்மை மிகுந்த பைகளான லைசோசோம்களைத் தேடிச் சென்று தங்கிவிடும். லைசோசோமின் அமிலத்தன்மை குறைந்தால் அங்கிருந்து இரும்பு வெளியேறுவது குறையும். இரும்பு குறைந்தால் ஹைட்ராக்சில் உருவாவதும் குறையும். இது ஒரு வகைக் காப்பு. அதே அமிலத்தன்மைக் குறைவால், பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவைச் செரித்து அப்புறப்படுத்தும் வேலையும் நின்றுபோகிறது. பழுதடைந்தவை தேங்கினால் கசிவு அதிகரிக்கும். ஒரே மருந்து, ஒரே இடத்தில், இரண்டு எதிரெதிர் விளைவுகளைச் செய்கிறது. இவற்றில் எது மேலோங்கும் என்பது அளவையும் காலத்தையும் செல்லின் வகையையும் பொறுத்தது.

மெத்திலீன் புளூ இன்னொரு தனிக்கதை. 1876இல் சாயமாகத் தயாரிக்கப்பட்டு, 1891இல் பால் எர்லிக்கும் குட்மானும் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இது, எலெக்ட்ரான்களை எளிதில் வாங்கவும் கொடுக்கவும் வல்லது. மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான் கடத்தும் தொடரில் எங்கேனும் தடை இருந்தால், தடையைச் சுற்றிக்கொண்டு எலெக்ட்ரான்களைக் கொண்டுசேர்க்கும். அதனால் கசிவு குறையும். அளவு மிகுந்தால் அதே மூலக்கூறு எலெக்ட்ரானை நேரே ஆக்சிஜனிடம் கொடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடைப் பெருக்கும். எனவே "மலேரியா மருந்துகள்" என்று ஒரே பெயரில் தொகுத்து, அவற்றுக்கு ஒரு பொதுக் குணம் இருப்பதாகப் பேசும் எந்தக் கட்டுரையையும் எச்சரிக்கையுடன் வாசியுங்கள். கிருமியைக் கொல்வது தவிர இவற்றுக்குள் ஒற்றுமை மிகக் குறைவு.

நுண்ணோக்கி எழுதியது:

வேதிவழி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். "நரம்பு செல்களைக் காத்தது" என்ற வாக்கியம் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரும்போது, அதன் பின்னால் நிகழ்ந்தது என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான இத்தகைய ஆய்வுகளில் பயன்படுபவை உண்மையான மூளை நரம்பு செல்கள் அல்ல. எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற வகை, குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தது. பிசி12 என்பது எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து வந்தது. இரண்டும் நரம்பு செல்லின் சில குணங்களைக் காட்டும். ஆனால் தொடர்ந்து பிளவுபடும். மூளையில் முதிர்ந்த நரம்பு செல் பிளவுபடுவதில்லை.

96 குழிகள் கொண்ட தட்டில் செல்களை இட்டு, சில மணி நேரமோ ஓர் இரவோ மருந்தில் ஊறவிடுவோம். அதன் பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவோம். வழக்கமாக லிட்டருக்குச் சில நூறு மைக்ரோமோல் அளவில். உயிருள்ள திசுவில் செல்லுக்குள் இருக்கும் இயல்பான அளவு நானோமோல் நிலையில்தான், அதாவது ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாக இருக்கும். மறுநாள் எம்டிடி என்ற மஞ்சள் நிறச் சேர்மத்தைச் சேர்ப்போம். உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். படிகங்களைக் கரைத்து, ஊதாவின் அடர்த்தியைக் கருவியில் அளப்போம். மருந்திட்ட குழிகளில் ஊதா அடர்ந்திருந்தால் "காத்தது" என்று எழுதுகிறோம். ஆனால் எம்டிடி உண்மையில் அளப்பது எம்டிடிக்கு எலெக்ட்ரான் கொடுத்து அதை மாற்றும் செல்லின் திறனைத்தான். உயிரோடிருக்கும் செல்களின் எண்ணிக்கையை நேராக அன்று. மெத்திலீன் புளூ போல நிறமும் எலெக்ட்ரான் கடத்தும் பண்பும் கொண்ட மருந்தைச் சோதிக்கும்போது, அந்த மருந்தே அளவீட்டைக் குலைக்கக்கூடும். நல்ல ஆய்வகங்கள் வேறு இரண்டு மூன்று முறைகளிலும் சரிபார்க்கும். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வரிசைமுறை. தட்டில் மருந்து முதலில் வருகிறது, சேதம் பின்னால் வருகிறது. என்ஆர்எஃப்2 தூண்டப்பட்டு நொதிகள் உருவாகச் சில மணி நேரம் தேவை என்பதால், முன்கூட்டியே மருந்து கொடுத்தால்தான் விளைவு நன்றாகத் தெரியும். மறதி தொடங்கிய ஒருவருக்கோ சேதம் பல ஆண்டுகளாக நடந்து முடிந்திருக்கிறது. மருந்து அதற்குப் பிறகே வருகிறது. தட்டில், இரத்தத்திலிருந்து மூளைக்குள் எது செல்லலாம் என்று வடிகட்டும் இரத்த-மூளைத் தடுப்பு இல்லை, மருந்தை மாற்றும் கல்லீரலும் இல்லை. ஆர்ட்டிமிசினினுக்கு இந்தக் கடைசிக் குறை மிக முக்கியமானது: தொடர்ந்து உட்கொண்டால் அது தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தானே பெருக்கிக்கொள்கிறது, ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு முதல் நாளில் இருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது. தட்டில் இரவு முழுவதும் ஒரே செறிவில் நின்ற மருந்து, உடலில் அவ்வாறு நிற்காது.

ஆர்ட்டிமிசினினின் மற்றோர் உறவான ஆர்ட்டெசுனேட்டைச் சற்றுக் கூடுதலான செறிவில் புற்றுநோய் செல்களில் இட்டால், இரும்பு சார்ந்த ஆக்சிஜனேற்றத்தால் அவை மடிகின்றன. அதைப் புற்றுநோய் மருந்தாக்கும் நோக்கில் வேறு ஆய்வாளர்கள் முனைந்திருக்கிறார்கள். ஒரே மருந்துக்கு, ஏறத்தாழ ஒரே வகைத் தட்டில், காக்கும் என்றும் கொல்லும் என்றும் இரண்டு கட்டுரைகள் கிடைக்கின்றன, இரண்டும் உண்மையே. உங்கள் அண்ணனிடம் இதை மட்டுமேனும் எடுத்துச் சொல்லுங்கள்.

கலங்கரை எழுதியது:

நான் நரம்பியல் மருத்துவர். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு நேராக வருகிறேன்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மறதிநோய்க்கு உதவுமா என்பது மனிதர்களிடமே சோதிக்கப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தில் தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகள் 168 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 18 மாதங்கள் கொடுத்தார்கள். 2001இல் முடிவு வெளியானது: அன்றாடச் செயல்பாட்டிலோ நினைவாற்றலிலோ வேறுபாடு இல்லை. அண்மையில், 2023இல், அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், முடக்குவாதத்துக்காக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கியவர்களிடம், அதே நோய்க்கான மற்றொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கியவர்களைவிட, மறதிநோய் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவாக இருந்ததாகக் கூறினார்கள். அது குலுக்கல் முறை ஆய்வு அல்ல, வேறுபாடும் சிறியது. அந்த ஆய்வாளர்கள் அதற்குக் காட்டிய வழியும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு அல்ல; ஸ்டாட்3 என்னும் அழற்சி சார்ந்த புரதம். ஆகவே உங்கள் அம்மாவின் மாத்திரை அவருடைய மூளையைக் காத்தது என்றும் சொல்ல இயலாது. பல ஆண்டுகளாகத் தொல்லையின்றிச் சாப்பிட்டுவந்த அந்த மாத்திரைதான் மறதியை உண்டாக்கியது என்று கருதவும் வலுவான காரணம் இல்லை. அரிதாக இம்மருந்தால் மனக்குழப்பமும் மனநிலை மாற்றமும் வருவதுண்டு என்பதால், மருந்தைத் தொடங்கிய காலத்தையும் அளவையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். நீங்களாக அளவைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். நிறுத்தினால் மூட்டுகளின் நோய் சீறக்கூடும்.

மற்ற மருந்துகளும் மனிதர்களிடம் சோதிக்கப்படாமல் இல்லை. மெத்திலீன் புளூவின் ஒரு வடிவத்தை 891 அல்சைமர் நோயாளிகளிடம் 15 மாதங்கள் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த மருந்து சிறுநீரை நீலப்பச்சையாக்கும். யார் மருந்து சாப்பிடுகிறார், யார் சாப்பிடவில்லை என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும். அதனால் ஒப்பீட்டுப் பிரிவினருக்கும் நிறம் வருவதற்காகவே ஒரு வேளைக்கு 4 மில்லிகிராம் என்ற சிறு அளவைக் கொடுத்தார்கள். முதன்மை இலக்குகளில் பலன் கிடைக்கவில்லை. குவினக்ரைன் என்ற பழைய மலேரியா மருந்து, மூளையை அழிக்கும் பிரியான்கள் என்னும் பிறழ்ந்த புரதங்களை ஆய்வகத்தில் ஒடுக்கியது. பிரியான்களால் வரும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் கண்டவர்களிடமோ அது உயிர்வாழும் காலத்தை நீட்டவில்லை. மற்றொரு மலேரியா மருந்தான அமோடியாகுயின், பார்கின்சன் நோயில் அழியும் டோபமைன் செல்களுக்கு இன்றியமையாத நர்1 புரதத்தைத் தூண்டுவதாகவும், ஆக்சிஜனேற்றத்தால் அந்தச் செல்களைக் கொல்லும் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் ஏற்றிய எலிகளின் நடமாட்டத்தைச் சீராக்குவதாகவும் 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது அதுதான், ஏனெனில் அங்கே மருந்து எந்தப் புரதத்தைத் தொடுகிறது என்பது தெரிகிறது. ஆனாலும் அமோடியாகுயினை நீண்டநாள் உட்கொண்டவர்களிடம் வெள்ளணு வீழ்ச்சியும் கல்லீரல் அழற்சியும் ஏற்பட்டதால்தான், அதை மலேரியாத் தடுப்புக்காகப் பயணிகளுக்குக் கொடுப்பதைக் கைவிட்டார்கள். அந்த மருந்தை அப்படியே கொடுப்பதைவிட, அதைப் பார்த்து வேறொரு பாதுகாப்பான மூலக்கூறை வடிவமைப்பதே அறிவுடைமை. ஆய்வும் அந்தத் திசையில்தான் போகிறது.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து மூளையைக் காக்கும் முயற்சி மலேரியா மருந்துகளோடு தொடங்கியதும் அல்ல. பார்கின்சன் நோயில் வைட்டமின் ஈயை மிகுந்த அளவில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1993இல் பலனின்றி முடிந்தது. பக்கவாதத்துக்காக என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்து, 2007இல் வெளியான இரண்டாவது, அதனினும் பெரிய ஆய்வில் தோற்றது. எடராவோன் என்ற மருந்து, தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கு ஜப்பானில் 2015இலும் அமெரிக்காவில் 2017இலும் அனுமதி பெற்றது; அதன் பலனும் குறிப்பிட்ட சில நோயாளிகளிடம் தெரிந்த மிதமான ஒன்றே. இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு, தட்டில் கிடைத்த ஒரு முடிவைப் பார்த்ததும் அம்மாவின் கையில் கேப்சூலைக் கொடுக்க மனம் வராது.

அந்திவானம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனிடம் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால், "மூலிகையிலிருந்து எடுத்ததுதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?" என்கிறார். இதற்கு என்ன விடை சொல்வது? இன்னொன்று: மலேரியாவே மூளையைத் தாக்கும் என்கிறார்களே, அங்கேயாவது இம்மருந்துகள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கின்றனவா?

கரைவரிசை எழுதியது:

இரண்டுமே என் துறையைத் தொடும் கேள்விகள். நான் தொற்றுநோய் மருத்துவத்தில் பணிபுரிகிறேன்.

மூளை மலேரியாவில் ஃபால்சிபாரம் என்னும் வகை மலேரியாக் கிருமி தொற்றிய சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கின்றன, வெடித்த சிவப்பணுக்களிலிருந்து தளையற்ற ஹீம் இரத்தத்தில் கலக்கிறது, அழற்சி மூள்கிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்துக்கு இதைவிடத் தெளிவான களம் வேண்டியதில்லை. இங்கே ஆர்ட்டெசுனேட் உயிரைக் காக்கிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. ஆசிய நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், பழைய மலேரியா மருந்தான குவினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தனர். ஆர்ட்டெசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினர். ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் அது 10.9க்கு 8.5 விழுக்காடு. ஆனால் இந்த வெற்றிக்குக் காரணம், குவினைனால் இயலாத இளம் பருவக் கிருமிகளையும் ஆர்ட்டெசுனேட் விரைந்து கொன்று, குழாய்ச் சுவரில் ஒட்டும் கட்டத்தை அவை எட்டாமல் தடுப்பதே. மூளை செல்களுக்கு அது தனியாகக் கவசம் போர்த்துகிறது என்பதற்கு இது சான்று ஆகாது.

கிருமி ஒழிந்த பிறகும் சேதம் தங்கிவிடுகிறது என்பதுதான் வேதனை. உகாண்டாவில், மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் அறிவாற்றல் குறைபாடு இருந்தது. பிரேசில் ஆய்வாளர்கள் 2010இல் எலிகளிடம் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். மூளை மலேரியா கண்ட எலிகளுக்குக் குளோரோகுயின் கொடுத்ததும் அவை பிழைத்தன. ஆனால் நினைவுத் திறன் குன்றியே இருந்தது. நோயின் அறிகுறி தெரிந்த உடனே குளோரோகுயினோடு ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனையும், இரும்பைப் பிணைக்கும் டெஸ்ஃபெரியாக்ஸமைனையும் சேர்த்துக் கொடுத்த எலிகளிடம் அந்தக் குறைபாடு தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடைப்பது அரிது: அந்த எலிகளில் மலேரியா மருந்து மூளையை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கவில்லை, காத்தவை உடன் கொடுத்த வேறு மருந்துகள். அவையும் உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதால் காத்தன. மனிதர்களிடம், கடும் மலேரியா கண்ட பெரியவர்களுக்கு அசிட்டைல்சிஸ்டீனைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது நோயின் போக்கில் மாற்றம் ஏற்படவில்லை.

இனி மூலிகை. மூலிகையிலிருந்து வந்தாலும் ஆர்ட்டிமிசினின் ஆர்ட்டிமிசினின்தான். கல்லீரலுக்கு அதன் பிறப்பிடம் தெரியாது. 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஆர்ட்டிமிசினின் கலந்த மூலிகைக் கேப்சூல் உட்கொண்ட ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. இத்தகைய கேப்சூல்களில் மருந்தின் அளவு, புட்டியின் மேல் அச்சிட்டதோடு ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முடக்குவாதத்துக்காக அம்மா வேறு மாத்திரைகளும் சாப்பிடுவாராயின், கல்லீரல் நொதிகளைத் தூண்டும் ஒரு மருந்து அவற்றின் அளவையும் குலைக்கும்.

மருத்துவத்தைத் தாண்டிய காரணமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஆர்ட்டிமிசினினை வேறு மருந்து சேர்க்காமல் தனியாக வாய்வழி கொடுப்பதை நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2006 முதல் வலியுறுத்தி வருகிறது. தனியாகக் கொடுத்தால் கிருமி எதிர்ப்புத் திறன் பெறுகிறது. அந்த எதிர்ப்பு முதலில் கம்போடியாவின் மேற்குப் பகுதியில் உறுதியாகி, இப்போது ருவாண்டா, உகாண்டா வரை தெரிகிறது. கடும் மலேரியாவில் ஆர்ட்டெசுனேட் அளவுக்கு உயிர் காக்கும் மாற்று மருந்து நம்மிடம் இல்லை. மலேரியா பரவும் இடங்களில் மறதிக்காகவும் சோர்வுக்காகவும் ஆளுக்கு ஆள் இதைத் தினமும் விழுங்கத் தொடங்கினால், அதன் விலையைக் கொடுக்கப்போவது காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கும் குழந்தைகள்.

கலங்கரை எழுதியது:

கரைவரிசை எழுதியதோடு, அந்திவானம் அவர்கள் உடனே செய்யத்தக்கவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

அம்மாவின் மறதிக்குக் காரணம் என்ன என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்கு முன் எந்தக் காப்பு மருந்தைப் பற்றியும் பேச இடமில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை, செவித்திறன் குறைவு, தூக்க மாத்திரை அல்லது ஒவ்வாமை மாத்திரை ஆகியவற்றில் எதுவும் இந்த வயதில் மறதியாக வெளிப்படலாம். இவற்றில் பல எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். அவரோடு அன்றாடம் இருப்பவர் ஒருவர் உடன் வருவது நல்லது, ஏனெனில் எப்போது தொடங்கியது, எப்படி மாறியது என்பதை அவரால்தான் சொல்ல முடியும். மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாராயின், மெத்திலீன் புளூவைக் கனவிலும் கருத வேண்டாம்; இரண்டும் சேர்ந்தால் மூளையில் செரட்டோனின் அபாயகரமாக உயரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இலேயே எச்சரித்திருக்கிறது.

கண் பரிசோதனையையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். விழித்திரையும் மூளையைப் போன்ற நரம்புத் திசுவே. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நெடுங்காலத்தில் உண்மையாகவே சேதப்படுத்தக்கூடிய நரம்புத் திசு அதுதான். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பதும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிப்பதும் அமெரிக்கக் கண் மருத்துவர் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் அந்தச் சோதனையும் தேவை. அம்மாவின் எடை கடந்த சில ஆண்டுகளில் குறைந்திருந்தால், பழைய அளவு இப்போது அவருக்கு மிகையாகியிருக்கலாம். முடக்குவாத மருத்துவரிடம் இதைச் சொன்னால் அவர் கணக்கிட்டுப் பார்த்துச் சொல்வார்.